கோழி பாக்கலாம் வா

தை 7, திங்கள்

பனி. எட்டு மணிக்கும் எதிர்வீடு தெரியவில்லை. காயப்போட்ட மிளகை அள்ளி உள்ளே வைத்தாயிற்று.

அக்கா முதல் பஸ்ஸில் சேந்தமங்கலம் போய்விட்டாள். துணி தைக்கிற கம்பெனி. அங்கேயே தங்கல், இனி சனிக்கிழமை சாயங்காலம்தான். மாமா கேரளாவில் கட்டட வேலை. அவர்கள் மகன் கவின் எங்களோடு. அடுத்த மாதம் இரண்டு வயது.

கிளம்பியது வழக்கம்போலத்தான். அம்மா அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, "கோழி பாக்கலாம் வா சாமி" என்று பின்பக்கம் போனாள். அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முன்பக்கமாக. திரும்பி வந்தவன் தேடினான். கட்டிலடி, கதவுக்குப் பின்னால், அக்கா புடவை தொங்கும் கொடி. பிறகு சுவரிடம் போய் நெற்றியால் இடித்தான். ஏழு தடவை.

அம்மா ஓடிவந்து துடைப்பத்தால் சுவரை அடித்தாள். "எங்க சாமிய இடிச்சியா? இந்தா, இந்தா!" அவன் கையில் ஒரு வாழைப்பழம். பழத்தைப் பிடித்துக்கொண்டே இன்னொரு தடவை இடித்தான்.

நெற்றி வீங்கிவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

தை 8, செவ்வாய்

மறுபடி இரண்டு முறை. அப்பா அவன் முதுகில் ஒன்று வைத்தார். இடி அதிகமானதுதான் மிச்சம்.

பக்கத்து வீட்டு ராசம்மாக்கா: "புள்ள எதையோ பாத்துப் பயந்திருக்குது. மந்திரிச்சு ஒரு கயிறு கட்டுங்க." போகும்போது என்னைப் பார்த்து, "காலேஜ் படிச்ச புள்ள ஊட்டுலயே இருக்குது, அதுக்குத் தெரியாதா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

அக்கா போனில் அழுதாள். "மறுபடியும் இடிச்சான்னு கேட்டா வேலைய உட்டுட்டு வந்துருவேன்டி." அந்த வேலைக்கு ஒரு வருடம் அலைந்தவள்.

நாளைக்கு: நர்ஸம்மாவிடம் காட்ட. அம்மாவின் பிரஷர் மாத்திரை. வேலைத் தேர்வுக்குக் கணக்கு பத்து போட.

தை 9, புதன்

துணை சுகாதார நிலையம். வாய் திறந்து கேட்கக் கூச்சப்பட்டு மூன்று பேரை முன்னால் விட்டேன்.

நர்ஸம்மா காது பார்த்தார், ஈறு தடவினார். "காது வலிச்சாலும் இடிப்பாங்க, பல் மொளைச்சாலும் இடிப்பாங்க. இவனுக்கு அதெல்லாம் இல்ல. பேர் சொன்னா திரும்பறானா? வெரல நீட்டிக் காட்டறானா?"

"ஆமாங்க."

"நல்லது. இந்த வயசுல நெறையப் புள்ளைங்க செய்யறதுதான். வாயில பேச்சு வரல, தலையால பேசறான்."

சொன்னவை, மறக்காமல் இருக்க:
அடிக்கக் கூடாது, கத்தக் கூடாது.
சுவருக்கும் தலைக்கும் நடுவில் கை, இல்லாவிட்டால் தலையணை.
மடியில் பிடித்து, கோபமா, அழுகையா என்று அவனுக்காக நாம் சொல்ல வேண்டும்.
சுவரை அடிப்பது, பழம் கொடுப்பது வேண்டாம்.
எப்போது இடிக்கிறான், அதற்கு முன் என்ன நடந்தது, எழுது.
காயமானாலோ, குறையாமல் போனாலோ டாக்டர்.

அம்மாவிடம் துடைப்பம் பற்றிச் சொன்னேன். "நீங்க ரெண்டு பேரும் அப்படித்தான் வளந்தீங்க" என்றாள்.

தை 10, வியாழன்

காலை 7.10. டம்ளர் பிடுங்கியதும். கை வைத்தேன். இரண்டோடு நின்றது.
11.30. தூக்கக் கலக்கம். ஒன்று.

4 மணி. நல்ல வெயில், விளையாடிக்கொண்டிருந்தான், சிரிப்பு. நான் சும்மா, "வா கண்ணு, கோழி பாக்கலாம்" என்றேன். முகம் மாறிவிட்டது. வாசலுக்கு ஓடிப் பார்த்தான். திரும்பி வந்தான், நேராகச் சுவருக்கு.

கோழி என்றால் யாரோ போகிறார்கள்.

எனக்கு அது பிஸ்கட்.

ஒன்றாம் வகுப்பு, விடுதியில் சேர்த்த நாள். அம்மா, "பிஸ்கட் வாங்கிட்டு வாரேன், இங்கியே இரு கண்ணு" என்று போனாள். மணி அடிக்கும்வரை படியில் உட்கார்ந்திருந்தேன். அன்று நானே கடித்துக்கொண்ட தழும்பு இடது மணிக்கட்டில் இன்னும் பிறை மாதிரி. யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

ஆனால் அந்த விடுதியை நினைத்தால் இப்போது ஏக்கம்தான் வருகிறது. வரிசையாக இரும்புப் பெட்டிகள். தலையணைக்கடியில் அம்மாவின் புகை வாசனைத் துண்டு; வாசனை போய்விடும் என்று துவைக்கவே இல்லை. ஏழாம் வகுப்பு மல்லிகாக்கா, எண்ணெய் வைத்துப் பின்னிவிடும்போது மணிக்கட்டைப் பார்த்துவிட்டு என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு நான் கடிக்கவில்லை. அந்த அக்கா இப்போது எந்த ஊரிலோ.

தை 13, ஞாயிறு

அக்கா நேற்று வந்தாள். கவின் அவள் புடவையை விடவில்லை. குளிக்கப் போனாலும் கதவடியில்.

மத்தியானம் சொல்லிவிட்டேன். நான்கு நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்தது. "நாளைக்கு ஒளிஞ்சு போகாத. சொல்லிட்டுப் போ."

"அழுவான்டி. அவன் அழறதப் பாத்துட்டு நான் எப்படி பஸ் ஏறுவேன்?"

"இப்பவும் அழறான். நீ பாக்கறதில்ல, அவ்வளவுதான்."

இப்படிப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. அக்கா வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

அம்மா: "அப்படியெல்லாம் சொல்லிட்டுப் போனா புள்ள ஏங்கிப் போயிரும்."

நான் மணிக்கட்டை நீட்டினேன். பிஸ்கட் என்று மட்டும் சொன்னேன். அம்மா எழுந்து கொல்லைக்குப் போய்விட்டாள்.

தை 14, திங்கள்

பனி இல்லை. குளிர் மட்டும்.

அக்கா செருப்பு போட்டுக்கொண்டு அவன் முன்னால் குந்தினாள். "அம்மா பஸ்ஸுல வேலைக்குப் போறேன் சாமி. சனிக்கிழமை வந்துருவேன்." அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினான். வளைவில் ஹாரன். நான்தான் கையைப் பிரித்து வாங்கினேன். அக்கா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள், அழுதுகொண்டே. ஏறிவிட்டாள்.

கவின் என் இடுப்பிலிருந்து இறங்கி நேராகச் சுவருக்கு. என் உள்ளங்கை நடுவில். மூன்று முறை, பலமாக. "அம்மா போயிட்டாங்க. கோவமா இருக்குது. ஆமாம்." அம்மா துடைப்பத்தை எடுத்தாள், வைத்துவிட்டாள். நான்காவது இடி வரவில்லை. கையிலேயே நெற்றியைச் சாய்த்துக்கொண்டு விம்மினான்.

கொஞ்ச நேரம் கழித்து வாசலைக் காட்டி, "ம்மா, பச்சு."

"ஆமா கண்ணு, பஸ்ஸு."

மடியிலேயே தூங்கிவிட்டான். உள்ளங்கை சிவந்திருக்கிறது. சாயங்காலமும் இடிப்பான், தெரியும்.

அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்காமல், "பிஸ்கட் வாங்கினேன் கண்ணு. ஆஸ்டல் கேட்டுக்கு வெளிய நின்னு பாத்தேன். படியிலயே உக்காந்திருந்த. உள்ள வந்தா என்னைய உடமாட்டயேன்னு..."

"அந்த பிஸ்கட்?"

"பஸ்ஸுல ஏதோ ஒரு புள்ள அழுதுச்சு. அதுக்குக் குடுத்துட்டேன்."

வெயில் வந்துவிட்டது. மிளகைக் காயப்போட வேண்டும். இவன் எழுந்த பிறகு.