ரவுட்டரில் சித்தப்பா செய்த வேலை

மெல்ஃபோர்ட், பிப்ரவரி 9

என் தமாராவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உடம்புக்குச் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அந்த வெலிங்டன் காற்றில் பறந்துபோகாமல் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதை வீடியோவில் பேசியிருக்கலாம், ஆனால் அப்பா பக்கத்தில் இருப்பார், அவரை வைத்துக்கொண்டு அவர் தம்பியைப் பற்றி என் வாயால் சொல்ல முடியாது, அவ்வளவு அருவருப்பாக இருக்கிறது.

பக்கவாதம் வந்த பிறகு அப்பா பேச்சுப் பயிற்சியில் தேறிவந்தது உனக்குத் தெரியும், நவம்பரில் உன் பெயரை முழுதாகச் சொன்னாரே. டிசம்பரில் எல்லாம் தலைகீழானது. சாஸ்கட்டூனிலிருந்து பேச்சுப் பயிற்சி கொடுக்கும் வெர்னா கம்ப்யூட்டர் திரையில் கரண்டிப் படத்தைக் காட்டுவாள், படம் உறைந்து நிற்கும், இவர் சொன்னது அவளுக்குப் போய்ச் சேர்வதற்குள் அங்கே குதிரைப் படம் வந்திருக்கும். "இல்ல ஓரெஸ்ட், இது குதிரை, மறுபடி பாருங்க" என்பாள். பயிற்சி நேரத்தில் என்னை உள்ளே வரக்கூடாது என்று சொல்லியிருந்ததால் சமையலறையிலிருந்து நான் கேட்டதெல்லாம் என் புருஷன் குதிரையைக் கரண்டி என்பதைத்தான். அவரும் அப்படியே நம்பிவிட்டார். ஜனவரியில் ஒருநாள் கம்ப்யூட்டரை மூடிவிட்டு, தன் தலையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார், போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். வெர்னா போன் செய்து, "இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பாத்துரலாமா?" என்றாள்.

இணையம் மெதுவாக இருக்கிறது என்று வாரம் தவறாமல் கம்பெனிக்குப் போன் செய்து கத்தினேன். லைன் சரியாக இருக்கிறது, வீட்டில் யாராவது விபிஎன் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டார்கள். அக்டோபரிலிருந்து நம் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கும் டார்சி சித்தப்பாவிடம்தான் அது என்னவென்று கேட்டேன். வாய் நிறைய முட்டைக்கோஸ் உருண்டையோடு, "எனக்கென்ன தெரியும் அண்ணி, அவனுங்க ஏதாவது சாக்கு சொல்லுவானுங்க" என்றான்.

போன வியாழக்கிழமை, மைனஸ் முப்பத்துநாலு டிகிரி குளிரில், கம்பெனியிலிருந்து ஜானிஸ் என்ற பெண் வந்தாள். அவளுடைய கருவியை நேராக லைனில் செருகினால் வேகம் நூற்றைம்பது, நம் ரவுட்டர் வழியாகப் பார்த்தால் ஆறு. "யாரோ டிசம்பர்ல விபிஎன் போட்டு, வீட்டு இணையம் மொத்தத்தையும் எல்லை தாண்டி டென்வர் வழியா சுத்தி விட்டிருக்காங்கம்மா, அத்தனையையும் பூட்டுப் போட்டு அனுப்ப இந்தச் சின்னப் பெட்டிக்குத் தெம்பு ஏது?" என்றாள். ஹாக்கிக்காக! "சில மேட்ச நம்ம பக்கம் காட்ட மாட்டேங்கறான், வேற என்ன பண்றது அண்ணி? எனக்கு நல்லாத்தானே ஓடிச்சு" என்கிறான் உன் சித்தப்பா. ஜானிஸ் அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல், "மேட்ச்னா முன்கூட்டியே சேத்து வெச்சு ஓட்டிரும். ரெண்டு பேர் நேர்ல பேசறத எப்படிச் சேத்து வைக்கிறது?" என்றாள். இரண்டு நிமிடத்தில் அந்த விபிஎன்னை நிறுத்திவிட்டுப் போனாள். இரண்டு நிமிடம், தமாரா! அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்ததைப் பார்த்துக்கொண்டே சிப்ஸ் தின்றவன் அவன். என்மேலும் எனக்குக் குமட்டுகிறது, அப்பா காதுபட உன் பெரியம்மாவிடம் போனில் "இவர் இனிமே அவ்வளவுதான்" என்று சொன்னவள் நான்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் பயிற்சியில் இருபது படங்களில் பதினாலு சரியாகச் சொன்னார், வெர்னா அழுதுவிட்டாள். அன்று சாப்பாட்டு மேசையில் டார்சி பக்கம் திரும்பி வெகுநேரம் வாயைத் திறந்து மூடினார். மன்னித்துவிடப் போகிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. "உ...னக்கு... முன்...னாடியே... தெரி...யுமா?" என்றார். அவன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. விடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான், நான் வாசல்வரைகூடப் போகவில்லை.

கடவுள் உங்கள் இருவரையும் நோய்நொடி இல்லாமல் காக்கட்டும். காற்றுக்குக் கழுத்தை மூடிக்கொள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு பேச மறக்காதே. கிறிஸ்துமஸின்போது செய்தது போல அவர் சொல்லவருவதை நீயே சொல்லி முடித்துவிடாதே, "அப்பா டயர்டா இருக்கார்" என்று துண்டிக்காதே. இனி அவர் பேசாமல் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தால் படம் நின்றுவிட்டதாக நினைக்காதே, சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறார். காத்திரு.

உன் அம்மா,
சில்வியா