மேப்பிள் சாய்ந்த பின் வந்த வெயில்

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு, கியோட்டோவிலிருந்து சயோகோ வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

போன மாதப் புயலில் எங்கள் விடுதித் தோட்டத்து மேப்பிள் மரம் சாய்ந்தது. யாருக்கும் அடியில்லை, பயப்படாதீர்கள். ஆனால் அதன் நிழலில் வளர்ந்த ஹோஸ்டாச் செடிகள்மேல் நாள் முழுக்க வெயில் விழுந்தது. நீல இலைகள் வெளிறி ஓரம் கருகின.

"எல்லாத்தையும் பிடுங்கிட்டு கல்லைப் பரப்பிடுங்க" என்றார் முதலாளி.

என்னோடு வேலை செய்யும் செட்சுகோ அக்கா இடுப்பில் கைவைத்து, "முதல்ல என்னைப் பிடுங்குங்க ஐயா, அப்புறம் செடியைப் பிடுங்கலாம்" என்றார். முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அன்றே நீலச் செடிகளை வடக்குச் சுவரோரம் மாற்றினோம். மஞ்சள் இலை ஹோஸ்டாக்களை அக்கா கிழக்கே நட்டார். "இவளுக்குக் காலை வெயில் வேணும்டி, இல்லேன்னா பச்சையாப் போயிடுவா. மத்தியான வெயில் ஒருத்திக்கும் ஆகாது."

நேற்று நீலச் செடியில் புதுக் குருத்து விரிந்தது அப்பா, வெண்பொடி பூசியதுபோல் அத்தனை அழகு! முதலாளி அதைக் குனிந்து பார்த்துவிட்டு, அக்காவுக்குத் தலை தாழ்த்தினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நீங்கள் உப்பிலிட்ட ஹோஸ்டாக் குருத்து மிச்சமிருந்தால் கொஞ்சம் அனுப்புங்கள். பொட்டலத்தைக் கடையில் கொடுத்துக் கட்டாதீர்கள், நீங்களே கட்டுங்கள். நீங்கள் போட்ட முடிச்சை அவிழ்க்க வேண்டும்போல் இருக்கிறது.

அக்கா கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

உங்கள் சயோகோ