கதவில் ஒட்ட ஓர் அம்பு

பாப்பா அம்மாவுக்கு,

இங்கு நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா?

டிரைவிங் லைசென்சுக்குப் பழகிக்கொண்டிருக்கிறேன். இங்கே எல்லாமே தலைகீழ். வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகின்றன. கட்டிலில் உட்கார்ந்து சாப்பாட்டுத் தட்டையே ஸ்டீயரிங்காகத் திருப்புவேன். என் அறையில் இருந்த டிரைவர் அண்ணன், "மாப்ள, அந்தப் பக்கம் திருப்புனா நேரா மேலதான்" என்று சிரிப்பார்.

போன வாரம் அவர் எதிர்க்கடைக்கு நடந்து போனார். இத்தனை வருடமாக வண்டியில் ஒரு தப்பும் செய்யாத மனுஷன், நடக்கும்போது நம்மூர் நினைப்பில் வலப்பக்கம் மட்டும் பார்த்துவிட்டுச் சாலையில் இறங்கிவிட்டார். லாரி இடப்பக்கமிருந்து வந்தது. வலி தெரிந்திருக்காது என்றார்கள்.

"இனிமே அவரு வண்டி உனக்குத்தான், சீக்கிரம் பாஸ் பண்ணு" என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். நல்ல செய்திதானே, பயப்படாதே.

இரண்டு பனியன் அனுப்பு. கூடவே, இடப்பக்கம் காட்டுகிற மாதிரி பெரிதாக ஓர் அம்பு பாப்பாவை வரையச் சொல்லி அனுப்பு. வண்டியில் ஒட்ட இல்லை, அறைக் கதவின் உள்பக்கம் ஒட்ட. அண்ணனின் செருப்பு இன்னும் அந்தக் கதவோரம்தான் கிடக்கிறது.

மேஸ்திரி கூப்பிடுகிறார்.

பாப்பா அப்பா