ஒழுகாத வண்டிக்காக லீவு போடாதே

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் வீடும் வண்டியும் சுகம், அங்கே நீ, மருமகள், குட்டி மூவரும் சளி இருமல் இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் கண் விழித்ததும் நான் கேட்டுக்கொள்வது. வண்டியும் சுகம் என்று எழுதும்போதே கை கூசுகிறது, ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். உன் குரலைக் கேட்டால் என் வாய் முந்திக்கொண்டு வேறு எதையாவது சொல்லிவிடுகிறது, பேனா அப்படி இல்லை, எழுதியதை அடித்தாலும் அடித்த இடம் தெரியும். மாதக் கடைசியில் டிக்கெட் எடுக்கப் போவதாகச் சொன்னாய், அதற்குள் இது உன் கைக்கு வந்து சேர்ந்துவிடும் என்று கூரியர் கடைக்காரர் சத்தியம் செய்கிறார். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் டிக்கெட் எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உன் அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம், வந்து உட்கார்ந்து என் முகத்துச் சுருக்கத்தை எல்லாம் எண்ணிவிட்டுப் போனாள். மேல் வீட்டில் இருந்த நர்ஸ் மாற்றலாகிப் போய்விட்டாள், மாடிப்படியில் செருப்புச் சத்தம்கூட இல்லை. தையலுக்கு ஆள் வருவது குறைந்துவிட்டது, ஜிப் மாற்ற, பேன்ட் நீளம் குறைக்க என்று வாரத்துக்கு இரண்டு பேர், அவர்களும் துணியைக் கொடுத்ததும் வாசலோடு ஓடிவிடுகிறார்கள். ஒரு வேளை சமைத்து மூன்று வேளை சாப்பிடுகிறேன், வீணாகவில்லை, கவலைப்படாதே. நேற்று முழுக்க நான் வாய் திறந்து பேசியது சிலிண்டர் கொண்டுவந்தவரிடம், அதுவும் இரண்டே வார்த்தை, "அங்க வைங்க" என்று. குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பா போன பிறகு நீ வந்து ஐந்து நாள் இருந்துவிட்டுப் போனாய் அல்லவா, அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்தாய். "சாப்பிட்டியாம்மா, மாத்திரை போட்டியா, கதவைப் பூட்டிட்டியா" என்று மூன்று கேள்வி கேட்பாய், நான் மூன்று பதில் சொல்வேன், பிறகு இரண்டு பேரும் மூச்சு விடுவது மட்டும் கேட்கும், அப்புறம் நீ "சரிம்மா, வைக்கட்டா" என்பாய். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. உன்மேல் தப்பு இல்லை, நீ அப்பனைக் கொண்டு பிறந்தவன், கையில் ஒரு வேலை இல்லாமல் உன் அப்பாவுக்கும் பேச்சு வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வைக்கட்டா என்று கேட்கும் நேரம் வந்ததும் எனக்கு என்ன தோன்றியதோ, "அப்பா வண்டியில ஆயில் வழிஞ்சு தரையெல்லாம் ஆயிடுச்சுப்பா" என்றேன். உன் குரலே மாறிப்போனது. எந்தப் பக்கம் வழிகிறது, நின்றால் வழிகிறதா ஓடினால் வழிகிறதா, ஆயில் கறுப்பா பழுப்பா என்று அடுக்கிக்கொண்டே போனாய். அன்றைக்கு நாற்பது நிமிடம் பேசினோம். போனை வைத்த பிறகும் காது சூடாக இருந்தது, அந்தச் சூடு போகக் கூடாது என்று கொஞ்ச நேரம் கையால் பொத்திக்கொண்டிருந்தேன்.

ஆயில் வழிந்தது பொய் இல்லை, அது மெய்யாகவே நாலு பக்கமும் வழிந்துகொண்டிருந்தது. நீ சொல்லச் சொல்ல நான் செய்தேன். எஞ்சினைக் கழுவித் துடைத்துக் காயவைத்து முகப்பவுடரைத் தூவச் சொன்னாய், எங்கே பவுடர் நனைகிறதோ அங்கேதான் ஓட்டை என்றாய். நான் பவுடர் போட்டு எத்தனையோ வருடம் ஆகிறது, உன்னைவிடப் பதினெட்டு வயது மூத்த மோட்டார் சைக்கிளுக்கு அந்த யோகம் அடித்தது. கிக்கரை உதைப்பது மட்டும் என்னால் ஆகாது, அதற்கு மூலைக்கடை மெக்கானிக் வருவார், சின்ன வயதில் நீ ஸ்பேனர் மாமா என்று பேர் வைத்தாயே, அவர்தான். அவர் உதைத்து ஓட விட்டால் பவுடர் ஒரு இடத்தில் இல்லை, எல்லா மூட்டிலும் நனைந்தது. மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் வைக்கும் பேக்கிங் இந்த வண்டிக்குக் கடையில் கிடைக்காது, தடித்த காகிதத்தில் நீயே வெட்டு என்றாய். தையல்காரிக்கு வெட்டச் சொல்லித் தர வேண்டுமா என்று நானும் மூடியை வைத்துக் கோடு போட்டு வெட்டிவிட்டேன், பழக்க தோஷம், சட்டைக்கு விடுவதுபோல உள்ளும் புறமும் அரை அங்குலம் தையலுக்கு விட்டுவிட்டேன். ஸ்பேனர் மாமா அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எஞ்சின் இனிமே வளரப் போறதில்லக்கா, எதுக்கு விட்டு வெட்டியிருக்கீங்க" என்றார். உன்னிடம் சொன்னபோது நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அப்பா போன பிறகு நீ சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன். இன்னொரு சுற்று முறுக்கு என்று நீ சொல்லி, நான் பலம் கொண்ட மட்டும் முறுக்கி, போல்ட்டின் மரை தேய்ந்து போனது உனக்கே தெரியும். ஐந்து பேக்கிங், ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல் இரண்டு மாற்றியாயிற்று, ஒரு பக்கம் நின்றால் மறுபக்கம் வழியும்.

இனிமேல் எழுதுவது உனக்குத் தெரியாதது. ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு மதியம் குட்டை ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் மூச்சு விடுவதற்கு ஒரு குழாய் பின்பக்கமாகக் கீழே இறங்குமே, அதை நீயும் ஒரு தடவை பார்க்கச் சொன்னாய், நான் மேல் முனையை மட்டும் பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு அதன் கீழ் முனையில் ஒரு நூல் தொங்கியது. நூல் தொங்கினால் என் கை சும்மா இருக்குமா, பிடித்து இழுத்தேன், வரவில்லை, ஊசி நுழைத்து நெம்பி இழுத்ததும் நூலால் இறுக்கிக் கட்டிய துணிச்சுருள் ஒன்று சுண்டுவிரல் நீளத்துக்கு வெளியே வந்தது, கன்னங்கரேல் என்று. சோப்புப் போட்டு மூன்று தடவை கசக்கினேன். சாம்பல் நிறத்தில் வெள்ளைக் கோடு. உன் கல்யாணத்துக்கு அப்பாவுக்குத் தைத்த சட்டையின் வெட்டுத்துணி. கழுத்தில் கோடு சேரவில்லை என்று இரண்டு தடவை பிரித்துத் தைத்த துணி அது, எனக்குத் தெரியாமல் போகுமா. அப்போதுதான் கல்யாணத்துக்காக முன்னறைக்குப் புதுத் தரை போட்டிருந்தோம், அங்கே நிறுத்தும் வண்டியின் அந்தக் குழாயிலிருந்து இரண்டு சொட்டு விழுந்ததற்கு நான் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தேன், "விருந்தாளிங்க வர்ற வீடு, இந்தக் கிழட்டு வண்டி வேணுமா நான் வேணுமா" என்று கேட்டேன். அவர் குனிந்து அந்த இரண்டு சொட்டையும் துடைத்தார். மறுநாள் தரையில் சொட்டு இல்லை, என் பேச்சுக்கும் மரியாதை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் மிஷினுக்கு அடியிலிருந்து துணியை எடுத்து அந்தக் குழாயின் வாயை அடைத்திருக்கிறார், பாவி மனிதர். மூச்சு விடும் வழியை அடைத்தால் உள்ளே இருக்கும் ஆயில் கிடைத்த இடுக்கில் எல்லாம் வெளியே வரத்தானே செய்யும். அதன் பிறகு அவர் விடியும் முன்னால் எழுந்து வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், கட்டின பெண்டாட்டியைவிட வண்டிதான் உசத்தி என்று நான் வேறு குத்திக்காட்டினேன். அடைத்ததையே மறந்துவிட்டாரா, எடுத்தால் நான் கத்துவேன் என்று தெரிந்தே விட்டுவிட்டாரா, கேட்க ஆள் இல்லை. அந்த ஸ்டூலில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். உனக்கும் சொல்கிறேன், மருமகள் ஏதாவது கத்தினால் வாயை மூடிக்கொண்டு போகாதே, பதிலுக்கு நீயும் கொஞ்சம் கத்து.

சாயங்காலம் ஸ்பேனர் மாமா வந்து உதைத்தார், கால் மணி நேரம் ஓட விட்டோம், தூவிய பவுடர் தூவியபடியே வெள்ளையாக இருந்தது. குழாயிலிருந்து மட்டும் இரண்டு சொட்டு, அது வழக்கம்தான், ஒரு தட்டு வைத்துவிட்டேன். "தம்பிகிட்ட சொல்லுங்கக்கா, சந்தோஷப்படும்" என்றார். சொல்லத்தான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ எடுத்ததும் "ஒழுகல் நின்னுச்சாம்மா" என்று கேட்டாய். நின்றுவிட்டது என்று சொன்னால் அதற்குப் பிறகு என்ன பேசுவாய் என்று ஒரு நொடி நினைத்துப் பார்த்தேன். "இன்னும் கொஞ்சம் வழியுதுப்பா" என்று வாய் சொல்லிவிட்டது. முதல் பொய்தான் கஷ்டம், பிறகு தானாக வந்தது. நீ போட்டோ கேட்பாய், நான் ஸ்பூனில் ஆயிலை எடுத்து மூடி விளிம்பில் விட்டு, அது வழிந்து இறங்கும் வரைக்கும் காத்திருந்து எடுத்து அனுப்புவேன். ஒரே இடம் என்றால் உனக்கு அலுத்துவிடும் என்று ஒரு வாரம் வலப்பக்கம், ஒரு வாரம் இடப்பக்கம். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள், எனக்கு வாரத்துக்கு நாற்பது நிமிடம் கிடைத்தது.

போன மாதம் எஞ்சின் ஆயில் தீர்ந்துவிட்டது. கடைக்குப் போகச் சோம்பல்பட்டு சமையல் எண்ணெயை விட்டுப் போட்டோ எடுத்தேன், அங்கேதான் மாட்டிக்கொண்டேன். "ஆயில் ஏம்மா இவ்வளவு வெளுத்திருக்கு, பெட்ரோல் கலக்குதோ" என்று பதறிப்போனாய், படம் வரைந்து அனுப்பினாய், தீப்பிடிக்கும், வண்டிக்குப் பக்கத்திலேயே போகாதே என்றாய். முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடுத்த வாரமே போனில் நீ, பத்து நாள் லீவு வாங்கிவிட்டேன், சீல் எல்லாம் தேடிப் பிடித்து வாங்கிவிட்டேன், நானே வந்து எஞ்சினைப் பிரிக்கிறேன் என்றாய். உண்மையைச் சொல்கிறேன், இரண்டு நாள் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. உன் அறையைக் கழுவினேன், மெத்தையை வெயிலில் போட்டேன், தலையணைக்குப் புது உறை தைத்தேன். மூன்றாம் நாள் குட்டி உன் போனை எடுத்து என்னைக் கூப்பிட்டாள். "பாட்டி, அப்பா இந்த லீவுக்குக் கடலுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டாராம், உங்க வண்டிக்கு உடம்பு சரியில்லையாமே, இப்ப எப்படி இருக்கு" என்று விசாரித்தாள். அவளுக்குக் கோபம்கூட இல்லை, நிஜமாகவே வண்டியை நினைத்துக் கவலைப்பட்டாள். வருடத்துக்கு ஒரே ஒரு லீவு உனக்கு, அதை ஒரு குழந்தையிடமிருந்து ஸ்பூன் எண்ணெய் காட்டிப் பிடுங்கிக்கொண்டேனே என்று அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

ஆகையால் ராஜா, வண்டிக்காக வராதே. அது ஒழுகவில்லை, ஐந்து மாதமாக ஒழுகவில்லை. குட்டியைக் கடலுக்குக் கூட்டிப்போ, தண்ணீரில் அவள் கையை விட்டுவிடாதே, ஈரத் தலையோடு விடாதே. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது, தினமும் இருக்கிறது, அதை நேராகக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு எஞ்சினை நடுவில் வைத்துக் கேட்டேன். இப்போது நேராகவே கேட்டுவிட்டேன். எப்போது முடியுமோ அப்போது மூவரும் வாருங்கள், முடியாவிட்டால் முடியாது என்று சொல்லிவிடு, நான் தாங்கிக்கொள்வேன். கோபம் வந்தால் வாய்விட்டுத் திட்டு, உள்ளே வைத்துக்கொள்ளாதே. உன் கை கால் பலமாக இருக்க வேண்டும், மருமகள் மனம் குளிர்ந்திருக்க வேண்டும், குட்டி நெடுநெடு என்று வளர வேண்டும், தொட்ட காரியம் எல்லாம் உங்களுக்குத் துலங்க வேண்டும்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் போன் செய். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, கதவைப் பூட்டினாயா என்று கேள், பதில் சொல்கிறேன். அதற்கு மேல் என்ன பேசுவது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பரவாயில்லை, நீ பாட்டுக்கு உன் வேலையைப் பார், நான் பாட்டுக்குத் துணி வெட்டிக்கொண்டிருக்கிறேன், போனை மட்டும் வைத்துவிடாதே.

எந்நாளும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா