மிதந்த இருபது

ரெட்டியார்சத்திரம்
2-9-2024

அன்புள்ள அன்னாளுக்கு,

நலம். புள்ளியியல் டீச்சர் ஆனதும் என்னை மறந்துவிட்டாய், அந்தச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். பயமாக இருக்கிறதடி. எங்கள் மகளிர் குழுவின் சோள விதை என் பொறுப்பில் இருக்கிறது. கூரை ஒழுகி, சில மூட்டைகள் நனைந்துவிட்டன. யாரிடமும் சொல்லவில்லை. நூற்றுக்குத் தொண்ணூறு முளைக்கும் என்று நாற்பது வீட்டுக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறேன். நூறு விதையை ஈரச் சாக்கில் வைத்துப் பார்த்தேன், எண்பத்தாறுதான் முளைத்தது. என் வாக்கு பொய்யா? வெள்ளிக்கிழமை விதை கொடுக்க வேண்டும். போன் செய்யாதே, மாமியார் காதில் விழும்.

உன்
நாகஜோதி

திருச்சி
4-9-2024

அன்பு ஜோதி,

முதலில் ஒரு வாய் தண்ணீர் குடி. தொண்ணூறு என்பது உண்மை என்றே வைத்துக்கொள். அப்போதும் இந்தச் சோதனையை நூறு தடவை செய்தால், சுமார் பன்னிரண்டு தடவை எண்பத்தாறோ அதற்குக் கீழோ வரும். நூற்றில் ஐந்து தடவைகூட வராதது வந்தால்தான் வாக்கைப் பொய் என்போம். ஆகவே பொய் என்று சொல்ல ஆதாரம் போதாது. மெய் என்று நிரூபணமும் ஆகவில்லை. ஒன்று சொல், எல்லா மூட்டையிலிருந்தும் பொறுக்காமல்தானே எடுத்தாய்?

அன்னாள்

ரெட்டியார்சத்திரம்
7-9-2024

அன்னாள்,

உன் கடிதம் வந்தபிறகுதான் தூங்கினேன். நேற்று விதை கொடுத்தாயிற்று. போன வருடம் வியாகுலம்மாள் அக்கா காட்டில் பயிரே முளைக்கவில்லை. விதையை மடியில் வாங்கிக்கொண்டு, "நீ சொன்னாச் சரித்தான் ஜோதி, இனி பயமில்ல" என்றார்.

எல்லா மூட்டையிலும் கைவிட்டு நூற்றிருபது எடுத்தேன். வழக்கம்போலத் தண்ணீரில் போட்டு, மிதந்த இருபதைக் கோழிக்கு வீசிவிட்டு, அடியில் தங்கிய நூற்றைத்தான் சாக்கில் வைத்தேன். மிதக்கிற சொத்தை விதையை யாராவது கணக்கில் சேர்ப்பார்களா?

நாகஜோதி

திருச்சி
9-9-2024

ஜோதி,

நான்கு தடவை போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. அந்த இருபதும் மூட்டையில் இருந்தவைதானே! நூற்றிருபதுக்கு எண்பத்தாறு என்றால் நூற்றுக்கு எழுபத்திரண்டு. தொண்ணூறு உண்மையானால் இப்படி வர ஆயிரத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லை. உன் பதில் வருமுன்பே கணக்குச் சொன்னது என் தப்பு. விதைப்பதற்குள் சொல்லிவிடு. மிதப்பதை நீக்கிவிட்டு விதைத்தால் தப்பிக்கலாம்.

அன்னாள்

ரெட்டியார்சத்திரம்
11-9-2024

அன்னாள்,

போன் அடிப்பதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். எடுக்கப் பயம். நேற்று மழை பெய்தது. உன் கடிதம் இன்று வருவதற்குள் வியாகுலம்மாள் அக்கா விதையை அப்படியே விதைத்துவிட்டார். இன்னும் விதைக்காத மற்ற முப்பத்தொன்பது வீட்டிலும் ஏறி இறங்கி, கூரை ஒழுகியதிலிருந்து சொல்லிவிட்டேன். அக்கா வீட்டு வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். மாமியாரிடம் சொல்லி அழுதேன். "எந்திரி, நானும் வாரேன்" என்று செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

இந்தக் கடிதம் உனக்குக் கிடைப்பதற்குள் அக்கா வீட்டிலிருந்து நானே போன் செய்திருப்பேன். ஸ்பீக்கரில் போட்டிருப்பேன்.

நாகஜோதி