அஞ்சே நிமிஷம்

என்னங்க, அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

ஐந்நூறு கிலோமீட்டர் சைக்கிள் போட்டி. தார், சரளை, மணல் எல்லாம் தாண்டி முந்நூற்று நாற்பது ஓட்டியிருந்தேன். பஞ்சரானால் நானேதான் சரிசெய்ய வேண்டும், வெளியாள் கை வைத்தால் நான் அவுட் என்று படித்துப் படித்துச் சொன்னேனே! நீங்களோ காரில் திருட்டுத்தனமாகப் பின்னால் வந்து, நான் புதர்ப்பக்கம் போய்வருவதற்குள் பஞ்சரான டியூபை மாற்றிவிட்டு, "பாத்தியா, அஞ்சே நிமிஷம்!" என்று இளித்தீர்கள். அடுத்த சோதனைச் சாவடியில் போட்டி நடுவர்களிடம் அதையே தம்பட்டமும் அடித்தீர்கள். என்னைப் போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

இருபது வருடமாக நான் தொடங்கும் பேச்சையும் நீங்கள்தான் முடிக்கிறீர்கள்.

மீதி நூற்று அறுபதையும் ஓட்டப்போகிறேன். பதக்கம் கிடையாது, தெரியும். நீங்கள் காரில் குறட்டை விடுகிறீர்கள். இதை வைப்பரில் செருகிவிட்டுக் கிளம்புகிறேன். வழியில் அந்தக் கார் கண்ணில் பட்டால், வீட்டுக்கு வரும் வழி எனக்கு மறந்துவிடும்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவி