மூன்று நாளும் மழையாம், மச்சான்

என் அன்பு மச்சான் ராமையாவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் மழை உண்டா என்று தெரியாது. இங்கே தெஹியோவிட்டவில் விடியும்போதே நல்ல மழை, ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். சிரிக்காமல் கேள்: வியாழக்கிழமை நான் லண்டனுக்குப் போகிறேன்.

என் மகள் மலர் அங்கே நர்ஸாக இருக்கிறாள் அல்லவா, அவள்தான் அழைத்திருக்கிறாள். ஒரு மாதம் தங்கப் போகிறோம். ஆனால் அவளுக்கு லீவு கிடைத்திருப்பது சனி, ஞாயிறு, திங்கள் மூன்றே நாள். ஊரைச் சுற்றிப் பார்ப்பதெல்லாம் அதற்குள் முடிய வேண்டும். என் வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி. "நான் அங்க வந்து யாரு மேல சாஞ்சிக்கிட்டு நடக்கிறது? பாக்கியத்த கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டாள். ஆமாம், என் தங்கச்சி, உன் பெண்டாட்டி பாக்கியம்தான் என்னோடு வரவேண்டியவள்.

மூன்று நாளுக்கும் கொப்பியில் திட்டம் எழுதினேன். முதல் நாள் காலை ஆறு மணிக்குப் பிரட்டு. தோட்டத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்போமே, அதே மாதிரி எல்லோரும் வாசலில் நிற்க வேண்டும். ஆறரைக்கு ராணி வீடு. ஏழேகாலுக்குப் பெரிய மணிக்கூண்டு. எட்டு மணிக்குப் பாலம். போனில் வாசித்துக் காட்டினேன், மலர் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்பா, ஆறு மணிக்கு ராணியே எழும்பியிருக்க மாட்டாங்க. இங்க பத்து மணிக்குத்தான் எல்லாம் தொறப்பாங்க."

பத்து மணி என்பது நாம் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போகிற நேரம். அதற்குப் பிறகு கிளம்பி என்னத்தைப் பார்ப்பது, நீயே சொல்.

பாக்கியம் மட்டும் பிடி கொடுக்கவில்லை. நாங்கள் நச்சரித்ததில் பாஸ்போர்ட் எடுத்தாள், விசாவுக்குக் கையெழுத்தும் போட்டாள். நேற்று வரை பெட்டியில் ஒரு சேலை கூட வைக்கவில்லை. நீ கண்ணை மூடி இரண்டு வருசமாகிறது. வெயில் நாளில் வேலைக்கு வருகிறாள், பேசுகிறாள், வம்புக்கும் இழுக்கிறாள். மழை பெய்துவிட்டால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடக்கிறாள். ஏன் என்று உனக்குத் தெரியாதா?

மழை என்றால் நீ வேறு ஆள். பட்டை நனைந்துவிட்டால் கத்தி வைக்க முடியாது, பாலெல்லாம் தண்ணீரோடு ஓடிவிடும். அன்றைய வேலை போயிற்றே என்று லயத்து வீடுகளில் எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டிருப்போம். நீ மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அந்தப் பெரிய கறுப்புக் குடையை விரித்து, "பாக்கியம், மேலேருந்து லீவு குடுத்துட்டாங்க, வா, ஊர் சுத்துவோம்" என்பாய்.

அவிசாவளை, கேகாலை, இரத்தினபுரி, எல்லாம் நீங்கள் இரண்டு பேரும் நனைந்தபடி பார்த்த ஊர்கள்தான். கித்துல்கலவுக்கு என்னையும் இழுத்துப் போனாய். ஆற்றில் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு போன ரப்பர் படகைப் பார்த்து, "மஹத்தயா, ஏக்க அப்பே கிரி", ஐயா, அது எங்க பால் என்று சிங்களத்தில் கத்தினாய். நாம் வெட்டிய பாலில் செய்த படகாம், அதனால் நம்முடையதாம். பாக்கியம் சிரிப்பு தாங்காமல் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நீ போனதிலிருந்து நேற்று வரை அந்தச் சிரிப்பை நான் திரும்பக் கேட்கவில்லை, மச்சான்.

நேற்று மாலை மலர் மறுபடி போன் எடுத்தாள்.

"அப்பா, சனி, ஞாயிறு, திங்கள் மூணு நாளும் மழைன்னு சொல்றாங்க. எல்லாம் கெட்டுப்போகும். லீவ அடுத்த வாரத்துக்கு மாத்திக் கேக்கவா?"

பாக்கியம் பக்கத்தில்தான் இருந்தாள். போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"மழையா மலரு? மூணு நாளுமா?"

"ஆமா அத்தை. விடாத மழையாம்."

இனி இவள் வரவே மாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"மழைன்னா வேல இல்லத்தானே. நீ லீவ மாத்தாத. மழையில ஊர் சுத்தாம வேற எப்ப சுத்துறது?"

மலர் அந்தப் பக்கம் திருதிருவென்று விழித்திருப்பாள். மழை என்று கேட்டதும் பயணத்துக்குக் கிளம்புகிறவர்கள் லண்டனில் யார் இருக்கப்போகிறார்கள்? மேலேயிருந்து மூன்று நாள் லீவு கொடுத்தது நீதானா?

இன்று காலை கதவு சாத்தியிருக்கும் என்று பயந்துகொண்டே அவள் வீட்டுக்குப் போனேன். திறந்திருந்தது. பெட்டியில் சேலைகள், கம்பளிச் சட்டை, மலருக்குக் கருவாட்டுப் பொட்டலம். எல்லாவற்றுக்கும் மேலே குறுக்காக உன் கறுப்புக் குடை.

"அண்ணே, இந்தக் கொடைய எப்பிடி வச்சாலும் பொட்டி மூட மாட்டேங்குது" என்றாள்.

அழுதுவிட்டேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

"அழுவாம பொட்டிய அமுக்குங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அதே சிரிப்பு.

ஏர்போர்ட் போகிற வழியில் ஆர்மிக்காரர்கள் எத்தனை இடத்தில் இறக்கிச் சோதிப்பார்களோ, அதனால் வேன் நேரத்தோடே வருகிறது. குடையைக் கையிலேயே கொண்டுபோகிறோம். ராணி வீட்டு வாசலில் அதை விரித்துக்கொண்டு நிற்போம், லண்டன் ஆற்றுப் படகிலும் அவளை ஏற்றுவேன். திரும்பி வந்த பிறகும், காலையில் பட்டை நனைந்திருந்தால், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவள் வாசலில் போய் நின்று, லீவு குடுத்துட்டாங்க என்று கூப்பிடுவேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

உன் பாக்கியத்தின் அண்ணன்,
உன்னோடு நனைந்த மச்சான்,
முருகேசு